கட்டைக் கரும்பை விடுவதா, பிடுங்கிவிட்டு வேறு பயிருக்குப் போவதா?

கெடிலக்கரை · திங்கள், காலை 6.40

வணக்கம். பண்ருட்டிக்கு மேற்கே எங்களுக்கு ஐந்து ஏக்கர் இருக்கிறது. போர் தண்ணீர். மூன்று ஏக்கரில் கரும்பு, மீதி இரண்டில் நெல்லும் அதன் பின்னால் உளுந்தும். அப்பா முப்பது வருடமாகக் கரும்பை விடாமல் வைத்திருந்தார். போன ஆடியில் தவறிவிட்டார். இப்போது கட்டைக் கரும்பு, அதாவது முன்பு வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைத்தது, வெட்டுக்கு நிற்கிறது. வெட்டியபின் இன்னொரு கட்டை விடுவதா, ரோட்டவேட்டர் ஓட்டி எடுத்துவிடுவதா என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

போன பருவத்துக் கணக்கை அப்பாவின் நோட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன். ஏக்கருக்கு 32 டன். ஆலை கொடுத்தது டன்னுக்கு 3,151 ரூபாய், அரசின் ஊக்கத்தொகை 349, ஆக 3,500. மொத்தம் 1,12,000. வெட்டுக்கூலி டன்னுக்கு 1,150 வீதம் 36,800. வெட்டு ஆட்களுக்குச் சாப்பாடு, டிரைவர் பேட்டா என்று 2,500. உரம், களை, சோகை (காய்ந்த தோகை) உரிப்பு, சாயாமல் விட்டம் கட்டியது எல்லாம் சேர்த்து 28,000. ஏற்றிப்போன செலவை ஆலை பார்த்துக்கொண்டது. ஏக்கருக்கு மிச்சம் 44,700.

பார்க்க நல்ல தொகைதான். ஆனால் அந்தக் கரும்பு வயலில் 14 மாதம் நின்றது. பதினோராம் மாதமே பதம் வந்துவிட்டது, ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரவில்லை. பூ எடுத்து, சாய்ந்து, பாதி எலி கடித்த பிறகுதான் ஆட்கள் வந்தார்கள். 14 மாதத்தால் வகுத்தால் மாதம் 3,200 ரூபாய்கூட வரவில்லை. அதிலும் அப்பா அம்மா உழைத்ததற்குக் கூலி போடவில்லை.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். கரும்பு இன்னும் கட்டுபடியாகிற பயிர்தானா?

கல்வராயன் அடிவாரம் · திங்கள், காலை 7.15

தம்பி, அப்பா மறைவுக்கு வருந்துகிறேன்.

நான் நாலு வருடம் முன்பு விட்டுவிட்டேன். ஆறு ஏக்கர் கரும்பு வைத்திருந்தவன். இப்போது மூன்றில் மக்காச்சோளம், மூன்றில் மரவள்ளி. மக்காச்சோளம் நாலு மாதத்தில் கையை விட்டுப் போய்விடும், வியாபாரி களத்திலேயே எடை போட்டுப் பணம் கொடுத்துவிடுகிறார். எத்தனாலுக்கும் கோழித் தீவனத்துக்கும் தேவை இருப்பதால் வாங்க ஆள் இல்லாமல் போகவில்லை. 2018-ல் படைப்புழு வந்தபோது எங்கள் ஊரில் மக்காச்சோளம் ஒரு பருவம் சுத்தமாகப் போனது, அதையும் மறைக்கவில்லை. இப்போதும் இரண்டு தடவையாவது மருந்து அடிக்காமல் முடியாது.

ஆனால் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. என் பயிரை என்றைக்கு அறுப்பது என்று நானே முடிவு செய்கிறேன். இருபது வருடம் கரும்பு போட்டவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

பட்டறைச்சாலை · திங்கள், காலை 7.50

எடுத்துவிடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

அகலப்பார் · திங்கள், காலை 9.05

எடுத்துவிடுங்கள் என்று ஒரே வரியில் சொல்வது எளிது. நான் இன்னும் கரும்பில்தான் இருக்கிறேன், திருவண்ணாமலை மாவட்டம், எட்டு ஏக்கர். நட்டத்தில் இல்லை.

கெடிலக்கரை தம்பி, உங்கள் நோட்டில் முதலில் இடிப்பது 32 டன். அது பழைய முறைக் கரும்பு. இரண்டரை அடி பாரில் (வரிசை இடைவெளியில்), கரணையை (விதைத்துண்டை) நெருக்கிப் போட்டு, மடை திறந்து பாய்ச்சுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் கணுவின் மொட்டை மட்டும் சீவி எடுத்த பருச்சீவல் நாற்றைக் குழித்தட்டில் வளர்த்து, ஐந்தடி பாரில் இரண்டடிக்கு ஒன்று நடுகிறேன். சொட்டுநீர் போட்டிருக்கிறேன். சிறு குறு விவசாயிக்கு நம் மாநிலத்தில் 100 சதவீத மானியம் இருக்கிறது, மற்றவர்களுக்கு 75. உரத்தையும் சொட்டுநீரிலேயே விடுகிறேன். நட்ட பயிரில் 52 டன், முதல் கட்டையில் 47 டன் எடுத்தேன். இடையில் முதல் மூன்று மாதம் உளுந்து ஊடுபயிர்.

ஐந்தடி பார் விட்டதற்கு முக்கியமான காரணம் அறுவடை இயந்திரம். கை வெட்டுக்கு அலைந்து அலைந்து வெறுத்துத்தான் மாறினேன். இயந்திரம் வந்தால் ஒரு நாளில் வயல் காலி. குறையும் உண்டு: மழை ஈரத்தில் உள்ளே இறங்காது, சின்ன வயலில் திரும்ப இடமில்லை, குப்பைக்கு என்று எடையில் ஒரு பங்கு பிடிப்பார்கள். கட்டையைச் சில இடத்தில் பெயர்த்துவிடும். அதையெல்லாம் கழித்தாலும் எனக்குக் கட்டுகிறது.

செல்வி வயல் · திங்கள், பகல் 12.30

அகலப்பார் அண்ணா, எட்டு ஏக்கர் ஒரே தாக்காகச் சேர்ந்து இருப்பவருக்கு இயந்திரம் வரும். எனக்கு ஒன்றரை ஏக்கர், அதுவும் இரண்டு இடத்தில். மேட்டுப்பக்கம் வண்டிப் பாதையே அடுத்தவர் வரப்பு வழியாகத்தான். இயந்திரக்காரரைக் கேட்டேன், ஐந்து ஏக்கராவது பக்கத்தில் சேர்ந்து இருந்தால்தான் வருவேன் என்றார்.

என் கணவர் இறந்தபோது ஆலையில் பதிவு அவர் பெயரில் இருந்தது. பெயர் மாற்ற வாரிசுச் சான்றிதழ், அதன்பின் பங்குக்கணக்கு என்று எட்டு மாதம் ஓடியது. அந்த எட்டு மாதமும் கரும்பு வயலில் வளர்ந்துகொண்டுதான் இருந்தது, உரம் கேட்டது, தண்ணீர் கேட்டது. கடைசியில் வெட்டு மேஸ்திரி டன்னுக்கு 1,400 கேட்டார். கொடுத்தேன். கொடுக்காவிட்டால் அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள், திரும்ப வர ஒரு மாதம் ஆகும்.

தம்பி, உங்கள் அம்மா இருக்கிறார்கள். பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கெடிலக்கரை · திங்கள், பகல் 1.10

அக்கா, நீங்கள் சொன்னதும்தான் தோன்றியது. பதிவு அப்பா பெயரில்தான் இருக்கிறது. நாளைக்கே ஆலையின் கோட்ட அலுவலகம் போகிறேன். மிக்க நன்றி.

மேஸ்திரி மகன் · திங்கள், பகல் 2.45

வெட்டுக்கூலியைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். வெட்டுகிறவர் பக்கத்தையும் ஒருவர் சொல்லட்டும்.

என் அப்பா விழுப்புரம் பக்கத்தில் இருபது வருடம் வெட்டு மேஸ்திரி. சின்ன வயதில் விடுமுறை எல்லாம் எனக்குக் கரும்பு வயலில்தான் போனது. விடியற்காலை நாலு மணிக்குப் பனியில் இறங்க வேண்டும். சோகை முழங்கையையும் கழுத்தையும் அறுக்கும், வியர்வை பட்டால் எரியும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நாள் முழுக்க வெட்டி, தோகை கழித்து, கட்டி, தலையில் தூக்கி லாரியில் ஏற்றினால்தான் ஒன்றரை டன்னுக்குக் கூலி. சாய்ந்த கரும்பு என்றால் ஒரு டன்கூடத் தேறாது. லாரி வராத நாளில் கூலியே இல்லை, வயல் ஓரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்போம்.

நான் இப்போது சென்னையில் குளிர்சாதன மெக்கானிக். என் தம்பி திருப்பூரில். அப்பா குழுவில் இருந்த இருபது ஜோடியில் இன்றைக்கு நாலு ஜோடிகூட வெட்டுக்குப் போவதில்லை. கூலி ஏறியதற்குக் காரணம் பேராசை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். அந்த வேலைக்கு ஆள் இல்லை, இனி வரவும் மாட்டார்கள்.

அகலப்பார் · திங்கள், பகல் 3.20

உண்மை தம்பி. நானும் இரண்டு பருவம் சொந்தக் கையால் வெட்டிப் பார்த்தவன். இனி வரும் காலத்தில் கரும்பு நிற்பதானால் இயந்திரத்தோடுதான் நிற்கும். அதற்குத்தான் சிறு விவசாயிகள் பக்கத்து வயல்காரரோடு பேசி ஒரே பட்டத்தில் (பருவத்தில்), ஒரே பாரில் நட வேண்டும் என்கிறேன்.

பழைய கரும்பு அலுவலர் · திங்கள், மாலை 6.30

நான் இரண்டு ஆலைகளில் 31 வருடம் கரும்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விவசாயிகளுக்கு விலை எப்படி வருகிறது என்பதே பல நேரம் சரியாகச் சொல்லப்படுவதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மத்திய அரசு அறிவிக்கும் எஃப்ஆர்பி விலை, அதாவது ஆலை குறைந்தபட்சம் கொடுக்க வேண்டிய விலை, 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். செய்தியில் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஆனால் அது 10.25 சதவீதம் பிழிதிறன் (கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு) உள்ள கரும்புக்கு. பிழிதிறன் 0.1 குறைந்தால் 3 ரூபாய் 46 காசு குறையும். 9.5-ம் அதற்குக் கீழும் போனால் மேலும் குறைக்காமல் 329 ரூபாய் 5 காசில் நிறுத்துவார்கள். நம் மாநில ஆலைகளில் பெரும்பாலானவை 9.5-க்குக் கீழேதான். அதனால் நமக்கு 355 என்பது எட்டாத கனி. டன்னுக்கு 3,290 ரூபாய் 50 காசு, அதுதான் நம் விலை. கெடிலக்கரை வாங்கிய 3,151-ம் இதே வகையில் முந்தைய பருவத்தின் அடிமட்ட விலைதான், அப்போது அறிவிப்பு 340.

இந்தப் பிழிதிறன் உங்கள் வயலுடையது அல்ல, ஆலையின் சராசரி. நீங்கள் பதம் பார்த்து, தண்ணீர் நிறுத்தி, சுத்தமாக வெட்டி அனுப்பிய கரும்புக்கும், சேறும் கொழுந்துமாக வந்த கரும்புக்கும் ஒரே விலை. இதை நான் வேலையில் இருந்த காலத்திலேயே கூட்டங்களில் பேசியிருக்கிறேன். நல்ல கரும்பு கொடுப்பவருக்கு ஒரு ரூபாய்கூட அதிகமாகக் கிடைக்காது என்றால் அவர் எதற்காக மெனக்கெடுவார்? டன்னை மட்டும் பார்ப்பார். எல்லோரும் டன்னைப் பார்த்தால் ஆலையின் பிழிதிறன் எங்கிருந்து ஏறும்?

இரண்டாவது, தாமதம். நீங்கள் 14 மாதம் காத்திருந்தது உங்களுக்கு மட்டும் நட்டம் இல்லை. முற்றிப்போன கரும்பில் சர்க்கரை இறங்கும், நார் ஏறும். வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போக வேண்டும். ஆள் இல்லாமல், லாரி இல்லாமல் இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் எடையும் போச்சு, சர்க்கரையும் போச்சு. நம்முடைய 9 சதவீதப் பிழிதிறனுக்கு வெப்பத்தையும் ரகத்தையும் மட்டும் காரணம் சொல்வது பாதி உண்மைதான்.

கெடிலக்கரை · திங்கள், இரவு 8.00

ஐயா, நான் இதை இப்போதுதான் முதல் முறையாகப் புரிந்துகொள்கிறேன். அப்பா வெட்டுக்கு மூன்று வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவார், நுனியில் இருக்கும் கொழுந்தாடை ஒரு கணு கூடச் சேர விடமாட்டார். அதற்குத் தனியாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்குமா என்று தெரியவில்லை.

பணம் 14 நாளில் வர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே?

பழைய கரும்பு அலுவலர் · திங்கள், இரவு 8.40

இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. 14 நாளுக்குள் தராவிட்டால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி சேர்த்துத் தர வேண்டும். அந்த வட்டி தானாகக் கைக்கு வந்த விவசாயியை என் வேலைக்காலத்தில் நான் பார்க்கவில்லை. கேட்டுப் போராடிய இடங்களில் நிலுவையாவது வந்தது.

ஆலை பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. 2019 பிப்ரவரியில் சர்க்கரையின் குறைந்தபட்ச விற்பனை விலையைக் கிலோ 31 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்குப் பிறகு கரும்பு விலை வருடாவருடம் ஏறியது, இந்த 31 பல வருடம் அப்படியே கிடந்தது. 9 சதவீதப் பிழிதிறன் என்றால் ஒரு டன் கரும்பில் 90 கிலோ. 31-ஆல் பெருக்கினால் 2,790. கரும்பின் விலையே 3,290. வெளிச்சந்தையில் 40 ரூபாய்க்கு விற்றால் 3,600 வரும், அதில்தான் சம்பளம், பழுது, கடன் வட்டி எல்லாம். மின்சாரமும் சாராய ஆலையும் இருக்கிற ஆலை தாங்கும். இல்லாத ஆலை விவசாயி பணத்தைத்தான் முதலில் நிறுத்தும். ஆகவே கரும்பு போடலாமா என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஆலைக்குப் போடுகிறோம் என்று கேளுங்கள்.

காவிரிக்கடைமடை · செவ்வாய், காலை 6.00

நெல்லுக்கு வாருங்கள் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். 2025-26-ல் சாதா ரகத்துக்கு அரசுக் கொள்முதல் விலை மாநில ஊக்கத்தொகையோடு குவிண்டால் 2,500 ஆகிவிட்டது. எனக்கு ஏக்கருக்கு 22 குவிண்டால் கிடைத்தது, 55,000. செலவு 30,000. இரண்டு போகம் கிடைத்தால் கரும்பை எட்டிவிடும்.

ஆனால் அறுவடை சமயத்தில் மழை வந்து, நெல் கொள்முதல் நிலைய வாசலில் முளைத்ததையும் பார்த்துவிட்டேன். ஈரப்பதம் 17-ஐத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அதனால் இது பெரிய விடுதலை என்று சொல்ல என் மனசு வரவில்லை.

நாட்டுச்சர்க்கரை · செவ்வாய், காலை 8.20

ஈரோடு பக்கம் நாங்கள் ஆலைக்கு அனுப்புவதை விட்டுப் பத்து வருடம் ஆகிறது. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்குத் தேவஸ்தானம் நாட்டுச்சர்க்கரை எடுப்பது அங்கேதான். உருண்டை வெல்லம், அச்சு வெல்லம் என்றால் சித்தோடு, பிலிக்கல்பாளையம் சந்தைகள்.

ஒரு டன் கரும்புக்கு நூறு கிலோ வரும், பதமான கரும்பாக இருந்தால் நூற்றுப்பத்து. இங்கே நல்ல கரும்புக்கும் மோசமான கரும்புக்கும் வித்தியாசம் கொப்பரையிலேயே தெரிந்துவிடும். அலுவலர் ஐயா சொன்ன சராசரிப் பிரச்சினை எங்களுக்கு இல்லை.

சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்புக்கு ஆள், பாகு பதம் பார்க்கத் தெரிந்த ஆள், சக்கை காய வைக்க வெயில் எல்லாம் வேண்டும். மார்கழியில் நல்ல விலை, ஆடியில் படுத்துவிடும். எல்லாவற்றையும்விட எங்களைச் சாகடிப்பது கலப்படம். அஸ்கா (வெள்ளைச்) சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சி, வெளுப்பதற்கு மருந்து போட்டு, எங்களைவிட மலிவாக விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் மஞ்சளாகப் பளபளப்பாக இருப்பதைத்தான் கேட்கிறார்கள். சுத்தமான வெல்லம் பெரும்பாலும் கொஞ்சம் கறுப்பாகத்தான் இருக்கும். இதை வாங்குகிறவர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து அந்தக் கறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

நார்ஃபோக் வாசி · செவ்வாய், பகல் 11.45

நான் பிறந்தது மடத்துக்குளம் பக்கம், கரும்பு வீடுதான். இப்போது கிழக்கு இங்கிலாந்தில் ஒரு தானியக் கிடங்கில் வேலை. இங்கேயும் இதே கேள்வியைத்தான் விவசாயிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடையது கரும்பு அல்ல, சர்க்கரைக்கிழங்கு. பீட்ரூட்டின் இனம், வெள்ளையாக, ஒரு கிலோ எடை வரும்.

இங்கே வாங்குகிற நிறுவனம் நாட்டுக்கே ஒன்றுதான், பிரிட்டிஷ் சுகர். ஆலைகள் நாலு: கேண்ட்லி, விஸிங்டன், பரி செயின்ட் எட்மண்ட்ஸ், நியூவார்க். யார்க்கிலும் ஆல்ஸ்காட்டிலும் இருந்தவற்றை 2007-ல் மூடிவிட்டார்கள். பக்கத்தில் அயர்லாந்தில் 2005-ல் கார்லோ, 2006-ல் மாலோ ஆலை மூடியதும் அந்த நாட்டில் இந்தப் பயிரே நின்றுபோனது. வாங்க ஆள் இல்லாத பயிரை யார் வைப்பார்கள்? ஆலை மூடினால் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே பயிர் போச்சு என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய கதை இல்லை.

வைரஸ் மஞ்சள் நோய் ஒன்று இருக்கிறது, அசுவினி பரப்புவது. விதையில் பூசும் மருந்தைத் தேனீக்களுக்காக 2018-ல் தடை செய்தார்கள். 2020-ல் நோய் அடித்து நாட்டு விளைச்சலில் கால் பங்கு போனது. அதன் பிறகு நிறையப் பேர் விட்டார்கள். 2023-24-க்கு டன்னுக்கு 40 பவுண்டு என்று விலை ஏறியதும் சிலர் திரும்பினார்கள். அடுத்த பருவம் 38, அப்புறம் இன்னும் கீழே.

ஆனால் இங்கே இரண்டு விஷயம் பார்த்து எனக்கு ஏக்கமாக இருக்கும். ஒன்று, ஆலை வாசலில் ஒவ்வொரு லாரியிலிருந்தும் மாதிரி எடுத்து, எவ்வளவு மண், எவ்வளவு சர்க்கரை என்று பார்க்கிறார்கள். 16 சதவீதம்தான் அடிப்படை, மேலே போனால் அந்த விவசாயிக்கே அதிக விலை. சராசரி கிடையாது. இரண்டு, விதைப்பதற்கு முன்பே விலையை விவசாயிகள் சங்கம் உட்கார்ந்து பேசி ஒப்பந்தத்தில் எழுதிவிடுகிறது. பிடிக்காதவர் அந்த வருடம் கோதுமை போடுகிறார். இந்தக் கிழங்கு எப்படியும் மூன்று நாலு வருடத்துக்கு ஒரு முறைதான் ஒரே வயலில் வரும், அதனால் விட்டுவிட்டுத் திரும்புவது அவர்களுக்குக் கடினம் இல்லை. நம் கரும்பில் ஒரு முறை நட்டால் மூன்று வருடம் கட்டிப்போட்டுவிடுகிறது.

அகலப்பார் · செவ்வாய், பகல் 12.20

அந்தக் கிழங்கை நம் ஊரிலும் கொண்டுவந்தார்களே! எங்கள் பக்கத்தில் ஒருவர் போட்டிருந்தார், நான் பார்த்திருக்கிறேன். அது என்ன ஆயிற்று?

பழைய கரும்பு அலுவலர் · செவ்வாய், மாலை 5.50

கொண்டுவந்தார்கள். 2000-களின் நடுவில். வெப்பமண்டலத்துக்கு ஏற்ற ரகம் என்று சிஞ்சென்டா நிறுவனம் விதை கொடுத்தது, கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஆய்வுத்திடல்கள் போட்டது. அப்போது நானும் திடல்களுக்குப் போயிருக்கிறேன். ஐந்து ஆறு மாதப் பயிர், தண்ணீர் கரும்பில் பாதிகூட வேண்டாம், உவர் நிலத்தையும் தாங்கும். கேட்டபோது எல்லோருக்கும் ஆசை வந்தது, எனக்கும்தான்.

வயலில் கிழங்கு வந்தது. தடுமாறியது வயலுக்கு வெளியே. கரும்பு ஆலையில் இந்தக் கிழங்கை அப்படியே போட முடியாது. கழுவி, மெல்லிய கீற்றாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்துச் சாறு எடுக்க வேண்டும், அது தனி இயந்திரம். கரும்பு என்றால் அதன் சக்கையே கொதிகலனுக்கு விறகு, ஆலை தன் நெருப்பைத் தானே கொண்டுவருகிறது. கிழங்குச் சக்கை மாட்டுத் தீவனம் ஆகும், எரியாது. நம் வெயிலில் தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும். ஐரோப்பாவில் குளிரில் வயலோரம் குவித்து வாரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். இங்கே மழை பெய்தால் மண்ணிலேயே வேரழுகல். விதையையும் ஒவ்வொரு முறையும் வெளியே வாங்க வேண்டும். ஆலை இல்லாமல் பயிர் இல்லை, பயிர் இல்லாமல் ஆலைக்கு முதல் போட யாரும் வரவில்லை.

நான் அதிலிருந்து கற்றுக்கொண்டது, ஏக்கருக்கு எவ்வளவு விளையும் என்ற கணக்கை வைத்து மட்டும் சர்க்கரைப் பயிரை எடைபோடக் கூடாது என்பது. வயலிலிருந்து ஆலை அரவை வரைக்கும் உள்ள தூரத்தில்தான் லாபமும் நட்டமும் இருக்கிறது.

நார்ஃபோக் வாசி சொன்ன லாரி மாதிரிச் சோதனை பற்றி: இங்கே முடியாத காரியம் இல்லை. கரும்புக் கட்டுக்குள் குழாய் இறக்கி மாதிரி எடுக்கும் இயந்திரம் உலகத்தில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர்க்காரர் வண்டியும் எட்டு ஏக்கர்க்காரர் வண்டியும் ஒரே நாளில் வரிசையில் நிற்கும்போது நேரமும் செலவும் ஆகும் என்பதே ஆலைகள் சொல்கிற பதில். அதோடு, மாதிரி எடுப்பவரை விவசாயி நம்ப வேண்டும். எடைமேடையையே நம்பாதவர்கள் பலர், அதற்கும் காரணம் இருக்கிறது.

செல்வி வயல் · செவ்வாய், இரவு 7.10

ஐயா, சோதனை வந்தால் என்னைப் போன்றவர்களுக்குத்தான் முதலில் பிரயோசனம். எங்களிடம் டன் அதிகமாகக் கிடைக்காது, நிலம் அவ்வளவுதான். ஆனால் ஒன்றரை ஏக்கரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்போம். கொழுந்து இல்லாமல், சேறு இல்லாமல் அனுப்ப எங்களால் முடியும். அதற்கு விலை கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஊக்கத்தொகை என்று வருடாவருடம் அறிவிப்புக்குக் காத்திருப்பதைவிட அது மரியாதையாக இருக்கும்.

கல்வராயன் அடிவாரம் · செவ்வாய், இரவு 8.30

அம்மா சொன்னது சரி. 2021 தேர்தலில் டன்னுக்கு 4,000 என்று வாக்குறுதி கொடுத்தார்கள், அதை நம்பி எங்கள் ஊரில் நட்டவர்கள் உண்டு. 2024-25-க்குத்தான் 3,500 வந்தது. அதற்குள் வெட்டுக்கூலி எங்கேயோ போய்விட்டது.

ஒரு காலத்தில் தமிழ்நாட்டு ஆலைகள் 2011-12-ல் 23 லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை எடுத்தன. 2019-20-ல் 8 லட்சம் டன் அளவுக்கு இறங்கியது. இடையில் 2016-ன் வறட்சி, வராத நிலுவை, ஆள் பஞ்சம். விட்டுப்போன விவசாயி ஒருவர்கூடக் கரும்பின் மேல் கோபித்துக்கொண்டு போகவில்லை. எனக்கும் இன்னும் கரும்பு வயலைப் பார்த்தால் நின்று பார்க்கத் தோன்றும்.

நாட்டுச்சர்க்கரை · செவ்வாய், இரவு 9.00

கெடிலக்கரை, எந்த ரகம் வைத்திருக்கிறீர்கள்? யாரும் கேட்கவே இல்லையே.

கெடிலக்கரை · புதன், காலை 6.15

கோ 86032 தான் அண்ணா. அப்பா வேறு எதுவும் வைக்க மாட்டார். பக்கத்து ஊரில் கோ 11015 வைத்திருக்கிறார்கள், சீக்கிரம் பதம் வருகிறது என்கிறார்கள்.

பழைய கரும்பு அலுவலர் · புதன், காலை 8.00

86032 நல்ல ரகம், கட்டையும் நன்றாக விடும். ஆனால் இத்தனை வருடம் அதே கரணையிலிருந்து அதே கரணை என்று எடுத்தால் நோயும் சேர்ந்து வரும், விளைச்சல் தேயும். கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனமோ ஆலை நாற்றங்காலோ கொடுக்கும் நோயற்ற விதைக்கரும்பு வாங்கி ஒரு முறையாவது மாற்றியிருக்க வேண்டும். 11015 சீக்கிரமே சர்க்கரை கட்டும், முன்பட்டத்துக்கு ஏற்றது. ஆனால் சீக்கிரம் பதம் வரும் ரகத்தை வைத்து, வெட்டு உத்தரவு 14-ஆம் மாதம் வந்தால் பாதகம்தான் அதிகம். ஆகவே ரகத்தை முடிவு செய்வதற்கு முன் வெட்டு மாதத்தை ஆலையிடம் உறுதி செய்யுங்கள், வாய்ப்பேச்சாக இல்லாமல் பதிவுச் சீட்டில்.

கெடிலக்கரை · வியாழன், இரவு 9.20

நேற்றும் இன்றும் அலைந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

செல்வி அக்கா சொன்னபடி கோட்ட அலுவலகம் போனேன். பதிவை அம்மா பெயருக்கு மாற்ற மனு கொடுத்தாயிற்று, வாரிசுச் சான்றிதழ் கையில் இருந்ததால் ஒரு மாதத்தில் முடியும் என்றார்கள். வெட்டு மாதத்தைச் சீட்டில் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். கரும்பு உதவியாளர் நல்ல மனிதர், நேராகவே சொன்னார்: அவரால் எழுத முடியாது, ஆட்கள் வந்தால்தான் உத்தரவு.

அதன்பின் பக்கத்து வயல்காரர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டுப் பேசினேன். எங்கள் நாலு பேருடையதும் சேர்த்தால் ஒரே தாக்கில் ஏழு ஏக்கர் வருகிறது. ஒருவர் ஐந்தடி பாருக்குச் சம்மதம், ஒருவர் யோசிக்கிறார், ஒருவர் சவுக்கு வைக்கப் போகிறாராம். சவுக்கு வைத்தால் நடுவில் இயந்திரம் போக வழி அடைபடும். அவரிடம் இன்னொரு முறை பேச வேண்டும்.

இப்போதைக்கு முடிவு இது. மேட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் கட்டையை வெட்டியதும் எடுத்துவிடுகிறேன், தைக்குப் பின் உளுந்து, அப்புறம் மக்காச்சோளம். கிணற்றடி ஒரு ஏக்கர் கட்டையை இன்னும் ஒரு வருடம் விடுகிறேன். அது லாபத்துக்காக இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அப்பா கடைசியாக மண் அணைத்தது அந்த ஏக்கர். அதில் ஒரு கணக்கும் எடுக்கப் போகிறேன்: வெட்டுகிற வாரத்தில் பிரிக்ஸ் மீட்டர் வைத்து என் கரும்பின் இனிப்பை நானே அளந்து எழுதி வைக்கிறேன்.

அந்த மீட்டர் எங்கே கிடைக்கும், எந்தக் கணுவில் சாறு எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய கரும்பு அலுவலர் · வியாழன், இரவு 9.55

கைப்பிடி மீட்டர் என் வீட்டில் சும்மாதான் கிடக்கிறது, நெய்வேலி வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். அடிக்கணுவில் ஒன்று, நுனிப் பக்கம் ஒன்று என்று இரண்டு இடத்தில் சாறு எடுங்கள். நுனியின் அளவு அடியின் அளவை நெருங்கிவிட்டால் பதம் வந்துவிட்டது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் எடுங்கள், வயலின் ஓரத்துக் கரும்பில் எடுக்காதீர்கள். ஏக்கருக்கு இருபது கரும்பாவது பார்த்தால்தான் கணக்கு நிற்கும்.

செல்வி வயல் · வியாழன், இரவு 10.05

தம்பி, முடிந்ததும் அந்த மீட்டரை எனக்கும் இரண்டு நாள் கொடுங்கள். ஐயா அனுமதித்தால்.

பழைய கரும்பு அலுவலர் · வியாழன், இரவு 10.10

தாராளமாக அம்மா.